அலர்ஜி என்ற சொல்லை உருவாக்கிய டாக்டர்: பிர்கேயின் வாழ்க்கையும் கேஸ் ஷீட்டில் எழுதப்படும் ஒரு வரியும்

ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும்போது கேட்கப்படும் முதல் சில கேள்விகளில் ஒன்று, எந்த மருந்தாவது அலர்ஜியா என்பது. சின்ன வயசுல பென்சிலின் போட்டப்ப உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுன்னு அம்மா சொல்வாங்க என்று ஒருவர் பதில் சொன்னால் போதும். கேஸ் ஷீட்டின் மேல் ஓரத்தில் பென்சிலின் அலர்ஜி என்று சிவப்பு மையில் எழுதிவிடுவார்கள். அது எந்த வருஷம் நடந்தது, ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் நடந்தது, அதற்கு என்ன சிகிச்சை தரப்பட்டது என்று பெரும்பாலும் யாரும் தோண்டிக் கேட்பதில்லை. அந்த ஒரு வரி, அதன்பிறகு அவர் போகும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கூடவே போகும்.

அமெரிக்காவில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. முறையாகப் பரிசோதித்துப் பார்த்தால், அவர்களில் 10-ல் 9 பேருக்கும் அதிகமானவர்கள் பென்சிலினை எந்தப் பிரச்னையும் இல்லாமல் எடுத்துக்கொள்ள முடிகிறது. அதாவது அந்த வரி பெரும்பாலும் தப்பு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எப்போது, எத்தனை நாளில், எத்தனையாவது தடவை என்று விடாமல் கேட்டுக் குறித்து வைத்த ஒரு டாக்டரின் நோட்டிலிருந்துதான் அலர்ஜி என்ற சொல்லே பிறந்தது. அவர் பெயர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே. 1906-ல் அந்தச் சொல்லை அவர் அச்சில் ஏற்றியபோது வயது 32. வியன்னா நகரத்தில் குழந்தைகள் மருத்துவர்.

பாதிரியார் ஆகியிருக்க வேண்டியவர்

1874 மே 12 அன்று, வியன்னாவை ஒட்டிய ஹிர்ஷ்டெட்டன் என்ற ஊரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார் பிர்கே. அப்பா நிலவுடைமையாளர், அரசியலிலும் இருந்தவர். அம்மா வியன்னாவின் பெரிய வங்கிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். தம்பி கீடோ பிற்காலத்தில் ராக்கெட் ஆராய்ச்சியில் பெயர் வாங்கினார். வெள்ளிக் கிரகத்துக்கு ராக்கெட் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவர். ஆக, கணக்கு அந்த வீட்டு ரத்தத்தில் இருந்திருக்கிறது.

கிளெமன்ஸ் தேவாலயப் பணிக்குப் போவார் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு. இன்ஸ்ப்ரூக்கில் இறையியலும் பெல்ஜியத்தின் லூவெனில் தத்துவமும் படித்தார். அதன்பிறகு மனசு மாறி மருத்துவத்துக்கு வந்தார். 1900-ல் கிராஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். கொஞ்ச காலத்தில் வியன்னாவின் செயின்ட் அன்னா குழந்தைகள் மருத்துவமனையில் தியோடர் எஷரிச்சிடம் சேர்ந்தார். அந்தப் பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? ஈ. கோலை என்று நாம் சொல்லும் பாக்டீரியாவில் உள்ள ஈ, எஷரிச்சின் பெயரில் இருந்து வந்ததுதான்.

1904-ல் மரியா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. குழந்தைகள் இல்லை. மரியாவின் உடல்நிலை பின்னாளில் தொடர்ந்து மோசமானது. குடும்பம் பற்றிப் பதிவாகியிருப்பது குறைவு, சந்தோஷமானது அதைவிடக் குறைவு.

மருந்தே நோய் கொடுத்தபோது

பிர்கே வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய்களில் ஒன்று தொண்டை அடைப்பான், அதாவது டிஃப்தீரியா. அதற்கு 1890-களில் ஒரு மருந்து கிடைத்திருந்தது. குதிரைக்கு டிஃப்தீரியா நச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். அந்தக் குதிரையின் சீரத்தை எடுத்துக் குழந்தைக்கு ஊசியாகப் போடுவார்கள். மூச்சுத் திணறிக் கிடந்த குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். இதைக் கண்டுபிடித்த எமில் ஃபான் பெரிங்குக்குத்தான் 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே போனது.

ஆனால் வார்டில் இன்னொன்றும் நடந்தது. தொண்டை சரியாகி, வீட்டுக்குப் போக வேண்டிய குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. நெறி கட்டும், மூட்டு வலிக்கும். சில நாளில் தானாகவே அடங்கிவிடும். இது குதிரைச் சீரத்தின் விஷத்தன்மை என்று பலரும் கடந்து போனார்கள்.

பிர்கேயும் அவரோடு வேலை பார்த்த ஹங்கேரிக்காரரான பேலா ஷிக்கும் கடந்து போகவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஊசி போட்ட தேதி, எவ்வளவு போட்டது, முதல் தடவையா இரண்டாவது தடவையா, தடிப்பு தெரிந்தது எந்த நாள் என்று எழுதி வைத்தார்கள். இன்றைக்கு நாம் ஸ்ப்ரெட்ஷீட் என்று சொல்வதை அவர்கள் கையால் செய்தார்கள்.

அந்த அட்டவணையில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. முதல் தடவை சீரம் போட்டுக்கொண்ட குழந்தைக்குப் பிரச்னை வருவது பெரும்பாலும் 8 முதல் 12 நாள் கழித்துத்தான். ஏற்கெனவே ஒரு தடவை போட்டு, சில வாரம் அல்லது சில மாதத்துக்குள் மறுபடியும் போட்டால் அன்றைக்கே, 24 மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. முதல் ஊசிக்குப் பிறகு ரொம்ப நாள் இடைவெளி விட்டிருந்தால், அன்றைக்கே வராவிட்டாலும் வழக்கமான 8 நாளுக்கு முன்பே வந்துவிடுகிறது.

சீரம் ஒரு விஷம் என்றால் இந்த நாள் கணக்கு பொருந்தாது. விஷம் முதல் தடவையும் உடனே வேலை செய்ய வேண்டும், இரண்டாவது தடவையும் அதே மாதிரி வேலை செய்ய வேண்டும். இங்கே மாறியிருப்பது மருந்து இல்லை, குழந்தையின் உடம்பு. குதிரைப் புரதத்தை முதல் தடவை பார்க்கும் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்ய ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது; அந்த எதிர்ப்பொருள் தயாராகி, உடம்பில் இன்னும் மிச்சமிருக்கும் சீரத்தோடு மோதும்போது நோய் வருகிறது. இரண்டாவது தடவை உடல் ஏற்கெனவே தயார். அதனால் வேகமாக வருகிறது.

இன்று பத்தாம் வகுப்பு மாணவருக்குப் புரியும் இந்த விஷயம், அன்றைக்குக் கிட்டத்தட்ட தெய்வ நிந்தனை. எதிர்ப்பொருள் என்றால் நம்மைக் காப்பது. அதுவே நோய் உண்டாக்கும் என்று ஒரு இளம் டாக்டர் சொன்னால் யார் கேட்பார்கள்? பிர்கே அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தார். தன் கருத்தை எழுதி, உறையில் போட்டு முத்திரை வைத்து, 1903-லேயே வியன்னா அறிவியல் அகாடமியிடம் ஒப்படைத்துவிட்டார். அது 1908-ல் பிரிக்கப்பட்டது. முதலில் சொன்னது யார் என்ற சண்டை வந்தால் ஆதாரம் வேண்டுமே. 1905-ல் ஷிக்கோடு சேர்ந்து சீரம் நோய் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார்.

இந்தப் பக்கம் பிரான்ஸில் சார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேவும் 1902-லேயே நாய்களிடம் இதைவிடக் கொடூரமான ஒன்றைப் பார்த்திருந்தார்கள். கடல் உயிரினம் ஒன்றின் நச்சை இரண்டாவது தடவை மிகக் குறைவாகச் செலுத்தியபோது நாய் நிமிடங்களில் செத்துவிழுந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அனஃபிலாக்சிஸ். 1913-ல் ரிஷேவுக்கு நோபல் கிடைத்தது. பிர்கேயின் பெயரும் நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

1906 ஜூலையில் மியூனிக் மருத்துவ வார இதழில் பிர்கே ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கிரேக்க மொழியில் அல்லோஸ் என்றால் வேறு, எர்கோன் என்றால் வேலை. இரண்டையும் சேர்த்து அலர்ஜி என்று ஒரு சொல்லைச் செய்தார். ஒரு பொருளை ஒரு தடவை சந்தித்த பிறகு, அடுத்த தடவை உடல் வேறு மாதிரி எதிர்வினை செய்கிறது. அந்த மாற்றத்துக்குத்தான் அந்தப் பெயர். மாற்றம் நல்லதா கெட்டதா என்பது அதில் இல்லை. பெரியம்மைத் தடுப்பூசி இரண்டாவது தடவை போடும்போது கை சீக்கிரமே சிவப்பதும் அவருக்கு அலர்ஜிதான். சீரம் போட்ட குழந்தைக்குத் தடிப்பு வருவதும் அலர்ஜிதான்.

இவ்வளவு துல்லியமாக ஆரம்பித்த சொல், பிறகு போன பாதை வேறு. முதலில் கெடுதலான எதிர்வினை மட்டும் என்று சுருங்கியது. அப்புறம் தெருவுக்கு வந்து ஒரேயடியாக விரிந்துவிட்டது. அவனைப் பார்த்தாலே எனக்கு அலர்ஜி என்று தமிழில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். நம் மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது என்று ஒருவர் சொன்னால், அது வயிறு எரிந்ததாக இருக்கலாம், வாந்தியாக இருக்கலாம், தொண்டை வீங்கி மூச்சு நின்றதாகவும் இருக்கலாம். ஒவ்வாமை என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் இதே வேரில் இருந்து வந்ததுதான். பேசுபவர் ஒத்துக்காது என்கிறார். எழுதுபவர் அலர்ஜி என்று எழுதுகிறார். நடுவில் கேட்கப்படாத கேள்விதான் எல்லாப் பிரச்னைக்கும் தொடக்கம்.

கையில் மூன்று கீறல்

பிர்கேயின் அடுத்த கண்டுபிடிப்பு இந்தியர்களுக்குக் கொஞ்சம் பக்கம். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க முன்னங்கையில் மான்டூ டெஸ்ட் போடுவார்கள் அல்லவா, அதன் மூத்த அண்ணன் பிர்கே டெஸ்ட்.

ராபர்ட் கோஹ் 1890-ல் டியூபர்குலின் என்ற திரவத்தைக் காசநோய்க்கு மருந்து என்று அறிவித்தார். அது படுதோல்வி. பிர்கே அதையே கண்டறியும் கருவியாக மாற்றினார். 1907-ல் அவர் அறிமுகம் செய்த முறை எளிமையானது. முன்னங்கைத் தோலில் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு இடத்தில் டியூபர்குலின் துளியை வைத்து லேசாகக் கீறுவார். இரண்டுக்கும் நடுவில் மருந்தே இல்லாமல் வெறும் கீறல் ஒன்று போடுவார். காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்த உடல் என்றால், ஓரிரு நாளில் மருந்து வைத்த இடங்கள் மட்டும் சிவந்து தடிக்கும். நடுக்கீறல் எதற்கு? கீறியதாலேயே தோல் சிவந்ததா, மருந்தால் சிவந்ததா என்று பிரித்துப் பார்க்க. இந்த நடுக்கீறலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் ஆரோக்கியமாகத் தெரிந்த பல குழந்தைகளின் கை சிவந்தது. வயது ஏற ஏற அந்த எண்ணிக்கையும் ஏறியது. இறந்த குழந்தைகளின் பிரேதப் பரிசோதனை முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, டெஸ்ட் பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்தார். கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் நிலை ஒன்று இருக்கிறது என்ற புரிதல் அங்கிருந்து வந்தது. அடுத்த வருடமே பிரான்ஸின் ஷார்ல் மான்டூ, கீறுவதற்குப் பதில் தோலுக்குள் ஊசியால் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அளவு துல்லியமாக இருந்ததால் அதுவே நிலைத்தது.

புகழ், பசி, முடிவு

இதற்குப் பிறகு பிர்கேயை எல்லோரும் கூப்பிட்டார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை மருத்துவத்துக்கு முதல் பேராசிரியராகப் போனார். 1910-ல் பிரெஸ்லாவுக்கு வந்தார். 1911-ல் எஷரிச் இறந்ததும், வியன்னாவில் அவர் நாற்காலிக்கே திரும்பினார்.

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா பட்டினியில் கிடந்தது. ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண அமைப்பு உணவு அனுப்பியது. லட்சக்கணக்கான ஆஸ்திரியக் குழந்தைகளுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு பிர்கேயிடம் வந்தது. யாருக்கு முதலில் சோறு? கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் அவர் ஒரு குறியீட்டு எண் செய்தார். குழந்தையின் எடையையும் உட்கார்ந்த நிலையில் உயரத்தையும் வைத்துக் கணக்கிடுவது. பெயர் பெலிடிசி. உணவின் மதிப்பை அளக்கத் தாய்ப்பாலை அடிப்படையாக வைத்து நெம் என்று ஒரு அலகு. அதற்கும் மேலே, குழந்தையின் ரத்தம், கொழுப்பு, நீர், தசை நான்கையும் மதிப்பிட சக்ரடாமா என்று ஒரு சூத்திரம். தரவுகளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இந்த மனுஷனைப் பிடிக்காமல் போகாது. ஆனால் பெயர் வைப்பதில் அவருக்கு எப்போதும் அதிர்ஷ்டம் இருந்ததில்லை. பெலிடிசியும் நெம்மும் சக்ரடாமாவும் அவரோடு போய்விட்டன. அலர்ஜி மட்டும் உலகத்தின் எல்லா மொழிக்கும் போனது.

1928-ல் ஆஸ்திரியக் குடியரசுத் தலைவர் பதவிக்கே அவர் பெயர் அடிபட்டது. அடுத்த பிப்ரவரி 28-ம் தேதி அவரும் மரியாவும் தற்கொலை செய்துகொண்டார்கள். பிர்கேவுக்கு 54 வயது. (மன அழுத்தத்தில் இருப்பவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.)

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 1928 செப்டம்பரில், லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் கண்ணாடித் தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. பென்சிலின் பற்றிய அவர் கட்டுரை வெளிவந்தபோது பிர்கே உயிரோடு இல்லை. தன் சொல் எந்த மருந்தின் பெயரோடு அதிகமாக ஒட்டப்படும் என்பது அவருக்குத் தெரியாமலே போனது.

சரி, பென்சிலின் அலர்ஜி என்றால் என்ன?

குதிரைச் சீரம் பெரிய புரதம். பென்சிலின் ரொம்பச் சின்ன மூலக்கூறு. தனியாக அது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது. நம் உடலின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும்போதுதான் உடல் அதை அந்நியனாகப் பார்க்கிறது. சிலருக்கு அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகிறது. அப்படிப்பட்டவருக்கு மறுபடி பென்சிலின் போனால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், சில சமயம் சில நிமிடத்திலேயே, தடிப்பு, தொண்டை வீக்கம், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தச் சரிவு என்று வரும். உடனே தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி போடாவிட்டால் உயிர் போகலாம்.

இந்த ஆபத்து உண்மை. அதைச் சின்னதாக்கிப் பேச முடியாது. ஆனால் எவ்வளவு அரிது என்பதும் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1968-ல் வந்த ஆய்வு, பென்சிலின் சிகிச்சை பெறும் 1 லட்சம் பேரில் அனஃபிலாக்சிஸால் இறப்பவர்கள் 1.5 முதல் 2 பேர் என்று கணக்கிட்டது.

அப்படியானால் மற்ற லேபிள்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? முக்கியமான இடம் குழந்தைப் பருவம். வைரஸ் காய்ச்சல் வந்த குழந்தைக்கு அமாக்சிசிலின் கொடுக்கிறார்கள். நான்காம் நாள் தடிப்பு வருகிறது. பல சமயம் அது வைரஸ் தந்த தடிப்பு. பழி மருந்து மேல் விழுகிறது. வயிற்றுப்போக்கு, குமட்டல் எல்லாம் பக்கவிளைவு, அலர்ஜி அல்ல. அப்பாவுக்கு அலர்ஜி என்பதற்காக மகனுக்கும் எழுதுவது சுத்தமாக ஆதாரம் இல்லாதது. உண்மையான ஐஜிஇ அலர்ஜியே இருந்தாலும் அது மங்கும். 10 வருடத்தில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது போய்விடுகிறது. கேஸ் ஷீட்டில் உள்ள வரி மட்டும் மங்குவதில்லை.

தப்பான லேபிளால் என்ன நஷ்டம்?

சந்தேகம் என்றால் வேறு மருந்து கொடுத்துவிட்டுப் போகலாமே, இதில் என்ன நஷ்டம் என்று தோன்றும். பல டாக்டர்களின் வாதமும் இதுதான்.

பிரிட்டனில் சுமார் 3 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு, பென்சிலின் அலர்ஜி லேபிள் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. லேபிள் உள்ளவர்களுக்கு எம்ஆர்எஸ்ஏ என்ற, மருந்துக்கு அடங்காத கிருமித் தொற்று வரும் அபாயம் 69 சதவீதம் அதிகம். குடலைத் தாக்கும் சி. டிஃபிசில் தொற்று அபாயம் 26 சதவீதம் அதிகம். பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் லேபிள்தான் நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கூடுதல் அபாயத்தில் கணிசமான பங்கு, அவர்களுக்குப் பென்சிலினுக்குப் பதிலாகத் தரப்பட்ட மருந்துகளோடு சேர்ந்தே வந்தது. அதே வருடம் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், லேபிள் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் அதிகம் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் வழக்கமாகப் போடும் செஃபாசோலினைத் தவிர்த்து வேறு மருந்துக்குப் போனதுதான் அங்கே காரணம்.

உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று கூடையாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் பயன்படுத்த வேண்டியவை, கவனமாகப் பயன்படுத்த வேண்டியவை, கடைசி ஆயுதமாகப் பத்திரப்படுத்த வேண்டியவை. பென்சிலினும் அமாக்சிசிலினும் முதல் கூடை. இவை வேண்டாம் என்றால் டாக்டரின் கை போகும் அசித்ரோமைசின், லிவோஃப்ளாக்சசின், வான்கோமைசின் எல்லாம் இரண்டாவது கூடை. கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொள்வது இந்தியாவில் ஏற்கெனவே பெரிய தலைவலி. டாக்டர்கள் ஆன்டிபயாட்டிக் எழுதும்போது எதற்காக எழுதுகிறோம் என்ற காரணத்தையும் குறிப்பிட வேண்டும் என்று 2024 ஜனவரியில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகமே மருத்துவக் கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. மருந்தை எழுதக் காரணம் கேட்கிறோம். மருந்தை ஒதுக்கவும் காரணம் கேட்க வேண்டாமா?

இந்தியாவுக்கே உரிய இன்னொரு நஷ்டம் ருமாட்டிக் இதய நோய். தொண்டைத் தொற்றில் ஆரம்பித்து இதய வால்வைக் கெடுக்கும் இந்த நோய் ஏழைக் குழந்தைகளை அதிகம் பிடிக்கும். மறுபடி தாக்காமல் இருக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சாத்தின் பென்சிலின் ஊசி, அதுவும் வருடக்கணக்கில் போட வேண்டும். அலர்ஜி பயத்தில் இந்த ஊசியைப் போடவே தயங்கும் டாக்டர்கள் இங்கே நிறைய. 1991-ல் லான்செட் இதழில் வந்த பன்னாட்டு ஆய்வில் 1,790 நோயாளிகளுக்கு 32,430 ஊசிகள் போடப்பட்டன. அனஃபிலாக்சிஸ் 4, மரணம் 1. அமெரிக்க இதய சங்கம் 2022-ல் இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. இந்த ஊசிக்குப் பிறகு நடந்த சில மரணங்கள், அலர்ஜியால் அல்லாமல், ஏற்கெனவே மிகவும் பலவீனமாக இருந்த இதயம் தாங்காமல் நின்றதால் நடந்திருக்கலாம் என்று.

டெஸ்ட் டோஸ் போதாதா?

நம் ஆஸ்பத்திரிகளில் ஊசி போடுவதற்கு முன் முன்னங்கையில் துளி மருந்தைக் குத்தி, கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பென்சிலினுக்கு மட்டுமில்லை, செஃப்ட்ரியாக்சோனுக்கும் இது நடக்கும். டெஸ்ட் டோஸ் போட்டாச்சா என்பது நைட் டியூட்டி நர்ஸின் தினசரிக் கேள்வி.

இங்கேதான் பிர்கேயின் நடுக்கீறல் வருகிறது. மருந்து இல்லாத ஒரு குத்து, ஒப்பிட்டுப் பார்க்க. முறையான அலர்ஜி பரிசோதனையில் இன்றும் உப்புநீரால் ஒரு குத்து, ஹிஸ்டமினால் ஒரு குத்து என்று இரண்டு ஒப்பீடுகள் உண்டு. பென்சிலின் உடலில் உடைந்து உருவாகும் பொருட்களையும் தனியாகப் பரிசோதிப்பார்கள். வார்டு டெஸ்ட் டோஸில் இவை எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. குத்தியதாலேயே சிவந்தால் ஒரு புதிய தப்பான லேபிள் உருவாகிறது. சிவக்காவிட்டால் ஒரு பொய்யான தைரியம். இதற்கு முன் எந்தப் பிரச்னையும் இல்லாதவருக்கு இந்தத் துளி பெரிதாக எதையும் சொல்வதில்லை. அட்ரினலின் பக்கத்தில் இருக்கிறதா, ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் நோயாளியை யாராவது பார்க்கிறார்களா என்பது இதைவிட முக்கியம்.

டாக்டர்களுக்கு இப்போது சொல்லித்தரப்படுவது என்ன?

பல நாடுகளில் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஃபார்மசிஸ்ட்களுக்கும் இதற்கென்றே பயிற்சி நடக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். எந்த மருந்து? என்ன ஆனது? மருந்து எடுத்து எத்தனை நிமிடத்தில், எத்தனை நாளில்? அது நடந்து எத்தனை வருடம் ஆகிறது? சிகிச்சை தேவைப்பட்டதா? அதற்குப் பிறகு அதே வகை மருந்தைத் தெரியாமல் எடுத்து ஒன்றும் ஆகாமல் இருந்ததா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அமாக்சிசிலினும் பென்சிலின் குடும்பம்தான் என்று தெரியாமல் பலமுறை சாப்பிட்டவர்கள் ஏராளம்.

2020-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தக் கேள்விகளைச் சின்ன மதிப்பெண் அட்டையாக்கினார்கள். பெயர் பென்-ஃபாஸ்ட். சம்பவம் நடந்து 5 வருடத்துக்குள் என்றால் 2. அனஃபிலாக்சிஸ், முகம் தொண்டை வீக்கம் அல்லது தீவிரத் தோல் பாதிப்பு இருந்திருந்தால் 2. சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1. மொத்தம் 3-க்குக் கீழே வந்தால் உண்மையான அலர்ஜி இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை கூட இல்லாமல், ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைத்து ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா என்று 2023-ல் வெளியான ஆய்வு சோதித்தது. சுமார் 380 பேர். தோல் பரிசோதனை செய்த குழுவில் ஒருவருக்கும், நேரடியாக மாத்திரை கொடுத்த குழுவில் ஒருவருக்கும் மட்டுமே எதிர்வினை வந்தது. இதை வீட்டில் யாரும் முயற்சி செய்யக் கூடாது. தோல் உரிந்து, வாய் கண் எல்லாம் புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்வதில்லை. அந்த மருந்து அவர்களுக்கு ஆயுசுக்கும் வேண்டாம்.

பென்சிலின் ஆகாது என்றால் செஃபலோஸ்போரினும் ஆகாது என்ற பழைய பாடமும் திருத்தப்படுகிறது. 10 சதவீதம் பேருக்கு இரண்டும் ஆகாது என்று பாடப்புத்தகங்களில் இருந்த கணக்கு, இப்போது சுமார் 2 சதவீதம் என்று இறங்கிவிட்டது. இரண்டு மருந்துகளின் பக்கச் சங்கிலி எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே முக்கியம். செஃபாசோலினின் சங்கிலி வேறு எதோடும் ஒத்துப்போகாதது.

பிர்கே பார்த்த நோயும் இன்னும் வார்டுகளில் இருக்கிறது, குதிரை இல்லாமலே. செஃபாக்ளோர் போன்ற மருந்து எடுத்த சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வீக்கமும் வரும். மருந்து கோர்ஸே முடிந்திருக்கும் என்பதால் தாய்க்கு மருந்து மேல் சந்தேகம் வராது. டாக்டர் நாள் எண்ணிக் கேட்டால்தான் தெரியும்.

லேபிளை எடுப்பதிலும் ஒரு பின்குறிப்பு உண்டு. பரிசோதனையில் அலர்ஜி இல்லை என்று தெரிந்த பிறகும், பலருடைய பதிவுகளில் பழைய வரி மறுபடி முளைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் அழித்திருப்பார்கள், குடும்ப டாக்டரின் நோட்டில் அப்படியே இருக்கும். அல்லது நோயாளியே பழக்கத்தில் மறுபடியும் சொல்லிவிடுவார். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த மருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்து, என்ன ஆனது என்று எழுதி, அந்தத் தாளை நோயாளியின் கையிலும் கொடுக்கச் சொல்கிறார்கள்.